ஒப்பீட்டுக் குழுவில் நான்

எங்கள் ஆராய்ச்சியில் மிகக் கடினமான வேலை, நோய் ஒன்றும் இல்லாதவர்களைத் தேடிப் பிடிப்பதுதான். வருத்தக்காரர்கள் தாங்களாகவே வந்தார்கள். வருத்தம் வந்துவிடுமோ என்று பயந்தவர்களும் வந்தார்கள். நல்ல சுகத்தோடு இருக்கிற ஒருவரிடம் போய், "உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதனால்தான் உங்கள் இரத்தம் வேண்டும்" என்று கேட்டால், அவர் எங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்.

மட்டக்களப்புப் பக்கம் கிரானுக்கு அங்கால், வாவியின் மேற்குக் கரையிலுள்ள ஒரு வயற்கிராமத்தில் எங்கள் வேலை நடந்தது. மாரியில் கிரான் பாலத்தின் மேலால் வெள்ளம் பாய்ந்தால் படகில் போவோம். மற்ற நாட்களில் வான் வண்டி. அங்கே சிலருக்குச் சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாகிக்கொண்டிருந்தது. சீனி வருத்தம் இல்லை, பிறசர் இல்லை, ஆனாலும் பழுதாகிறது. ஏன் என்று கண்டுபிடிக்க மூன்று பக்கத்தால் போனோம். நான் இரசாயனவியல் படித்தவள், கிணற்றுத் தண்ணீர் என் பொறுப்பு. இரத்தமும் சிறுநீரும் ஒரு பெண் டொக்டரின் பொறுப்பு. சனங்களோடு இருந்து பேசி, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், எப்படி வேலை செய்கிறார்கள் என்று பதிவுசெய்வது ஒரு சமூகவியலாளரின் பொறுப்பு. அவர் காத்தான்குடிக்காரர். அங்கே அண்ணனைக் கூப்பிடுகிற முறையில் நாங்கள் எல்லோரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

கிராமத்தில் முதலில் இரத்தம் எடுத்தபோது, நான் தண்ணீர் அள்ளுகிற கிணறுகளில் ஒன்றின் சொந்தக்காரப் பெண்ணுக்கு முடிவு சரியாக வரவில்லை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அக்கா என்று கூப்பிடுவேன். என்னை அவருக்குத் தெரியும் என்பதால் டொக்டர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் கதிரை போட்டு உட்காரவைத்துவிட்டு, அக்கா நின்றபடியே நாங்கள் சொன்னதைக் கேட்டார்.

"ஒருக்கா கூடுதலா வந்ததால வருத்தம் எண்டு அர்த்தமில்ல அக்கா," என்று நான்தான் சொன்னேன். "மறுகா ஒருக்கா எடுத்துப் பாப்பம். பயப்பட ஒண்டும் இல்ல."

"அப்ப இந்தத் தண்ணியக் குடிக்கலாமா மிஸ்?"

"தண்ணிட முடிவு இன்னும் வரல்ல."

திரும்பி வரும்போது, நன்றாகப் பேசினீர்கள் என்று டொக்டர் என்னைப் பாராட்டினார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அதற்குப் பிறகு நகரத்தில் ஒப்பீட்டுக் குழுவுக்கு ஆள் சேர்த்தோம். குழாய்த் தண்ணீர் குடிப்பவர்கள், வயலில் வேலை செய்யாதவர்கள், சுகமாக இருப்பவர்கள். ஒரு மண்டபத்தில் மேசை போட்டுக் காத்திருந்தோம். நினைத்த அளவு ஆட்கள் வரவில்லை. எங்களுக்கு இரத்தம் எடுத்துத் தந்தவர் ஓய்வுபெற்ற தாதி ஒருவர், நகரத்துப் பறங்கியர் குடும்பத்தவர். எங்கள் எல்லோருக்கும் அவர் அன்ரி. சும்மா இருந்து அலுத்துப்போய் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் டவுன்தானே மகள்? கைய நீட்டுங்க."

டொக்டரும் பரவாயில்லை என்றார். நான் கையை நீட்டினேன். ஊசி ஏறியது தெரியவே இல்லை. பிறகு எல்லோருக்கும் கொடுத்ததுபோல எனக்கும் பிஸ்கட்டும் பால்தேத்தண்ணியும் கொடுத்தார்கள். அன்றைக்கு எனக்கு ஒரு சின்னச் சந்தோசம். ஆராய்ச்சிக்கு என் உடம்பும் உதவியிருக்கிறது என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

சில வாரங்கள் கழித்து டொக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒப்பீட்டுக் குழுவில ஒரு ஆளுக்குக் கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதல்," என்றார். சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் ஏறுகிற கழிவு அது.

நான் பேனாவை எடுத்தேன். "எந்தப் பக்கத்து ஆள் டொக்டர்? நான் போய்ச் சொல்லட்டா?"

"உங்கடதான்," என்றார்.

அதன் பிறகு அவர் சொன்ன எல்லாமே எனக்குத் தெரிந்தவை. ஒரு முடிவை வைத்து எதுவும் சொல்ல இயலாது. முதல் நாள் நிறைய இறைச்சி சாப்பிட்டிருந்தாலும் கூடும். உடம்பில் தண்ணீர் குறைந்திருந்தாலும் கூடும். திரும்ப எடுத்துப் பார்க்கலாம், மூன்று மாதத்துக்குப் பிறகும் ஒருமுறை பார்க்கலாம். ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினேன். அக்காவின் வாசலில் நான் சொன்னதும் இவற்றைத்தான். ஆனால் கதிரையில் நான் உட்கார்ந்து கேட்கும்போது, பயப்பட ஒன்றும் இல்லை என்பது, பயப்பட இன்னும் நேரம் வரவில்லை என்பதுபோலக் கேட்டது.

என் கணவர் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறார், கிழமைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். தொலைபேசியில் விசயத்தைச் சொன்னேன்.

"அப்ப வருத்தம் இரிக்கா, இல்லையா?"

"தெரியா."

"என்ன தெரியா? நீதானே ஆராய்ச்சி செய்யிற."

அவர் நக்கலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

இரண்டாம் தரம் வெளியே ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்த்தேன். சரியாக வந்தது. அன்றிரவு நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஆனால் காலையில் எழும்பியதும் வேறொரு யோசனை. ஏன் இரண்டாவதை நம்புகிறேன்? எனக்குப் பிடித்த முடிவு என்பதாலா? மூன்றாம் தரம் எங்கள் ஆய்வுகூடத்திலேயே கொடுத்தேன். அது கூடுதலும் இல்லை, சரி என்றும் இல்லை, எல்லைக்கோட்டில் நின்றது. கிணற்றுத் தண்ணீரில் இப்படி மூன்று விதமாக வந்தால் நான் கவலைப்பட மாட்டேன். கருவி கொஞ்சம் விலகும், கை கொஞ்சம் விலகும், சராசரி எடுத்துவிட்டு அடுத்த கிணற்றுக்குப் போவேன். என்னை எப்படிச் சராசரி எடுப்பது?

இரத்தம் எடுத்து வைத்த குழாய்கள் ஆள் மாறியிருக்குமோ என்றும் யோசித்தேன். யோசித்ததை அன்ரியிடம் கேட்டும் விட்டேன்.

"என்ட கையால ஒருநாளும் மாறினதில்ல மகள்," என்றார். முகம் சிவந்துவிட்டது. அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அண்டைக்கு நடந்தத முழுக்க யோசிச்சுப் பாத்தன். மாறியிருக்காது. ஆனா நீங்க கேட்ட பிறகு எனக்கு நித்திர இல்ல."

மாறியிருந்தால் என்னுடைய கெட்ட முடிவு வேறொருவருடையது. அந்த ஆள் தான் சுகம் என்று நினைத்துக்கொண்டு நகரத்தில் எங்கேயோ நடமாடிக்கொண்டிருப்பார். மாறியிருக்க வேண்டும் என்று ஆசைப்படவும் முடியவில்லை, மாறியிருக்கக்கூடாது என்று ஆசைப்படவும் முடியவில்லை.

அந்த நாட்களில்தான் காக்கா எங்கள் வாராந்தக் கூட்டத்தில் ஒரு விசயத்தைச் சொன்னார். வயலில் வேலை செய்கிற பெண்கள் காலையிலிருந்து வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிப்பதே இல்லை. கொண்டுபோகாமல் இல்லை, போத்தல் இருக்கும். குடித்தால் ஒதுங்க வேண்டும், வெட்ட வெளியில் ஒதுங்க இடமில்லை. அதனால் தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். பல பெண்கள் இதை ஒரு விசயமாகவே சொல்லவில்லையாம், வேறு கதைக்கு நடுவில் வந்து விழுந்ததாம்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது என்னை நிற்பாட்டினார்.

"தங்கச்சி, ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டீங்களே? வட்டைக்குப் போற நாளையில நீங்க தண்ணி குடிப்பீங்களா?"

வட்டை என்றால் வயல்வெளி. கிழமைக்கு இரண்டு நாளாவது வட்டையோரக் கிணறுகளுக்குப் போவேன். வான் வண்டியில் என்னைத் தவிர எல்லோரும் ஆண்கள். காலையில் வீட்டில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி. பிறகு வீட்டுக்கு வந்துதான். போகிற வீடுகளில் தேத்தண்ணி தந்தால் மரியாதைக்கு ஒரு வாய். இரத்தம் கொடுத்ததற்கு முதல் நாளும் வெயிலுக்குள்தான் நின்றேன். இதையெல்லாம் நான் ஒரு தகவலாக நினைத்ததே இல்லை. பெண்பிள்ளை வெளியில் போனால் அப்படித்தான், அவ்வளவுதான்.

"இல்ல காக்கா," என்றேன். "குடிக்கிறதில்ல."

"இதப் பதிவு செய்யட்டா?"

சரி என்றேன். அவர் ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்தியதும் நிற்பாட்டச் சொன்னேன். யாராக இருந்து பேசுவது என்று தெரியவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

ஆனாலும் காரணம் கிடைத்துவிட்டது என்று நேரே டொக்டரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இருக்கலாம். ஒரு நாள் தாகத்தால கொஞ்சம் கூடியிருக்கலாம். வருசக் கணக்கில தாகத்தோட வேலை செய்தா சிறுநீரகத்துக்கு என்ன நடக்கும் எண்டது வேற கேள்வி. உங்களுக்கு இதுதான் எண்டு என்னால சொல்ல ஏலா." பிறகு கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்டு. உங்கள ஒப்பீட்டுக் குழுவில இருந்து எடுக்கிறன். அந்தக் கிணறுகளிட தண்ணியில ஊத்தின தேத்தண்ணி நீங்களும் குடிச்சிருக்கீங்க, அந்த வெயிலிலயும் நிண்டிருக்கீங்க. நான் முதலே யோசிச்சிருக்க வேணும்."

"அப்ப கிராமத்துக் குழுவிலயா?"

"அங்கயும் போட ஏலாதே."

அது சரியான முடிவு. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அறையை விட்டு வெளியே வரும்போது, ஏதோ ஒரு கலியாண வீட்டில் இரண்டு பக்கத்தாரும் என்னைத் தங்கள் ஆள் இல்லை என்று சொன்னதுபோல மனம் சுருங்கிவிட்டது. மூன்று மாதம் கழித்து எடுத்த முடிவு சரியாக வந்தது. அதற்குப் பிறகு எடுத்ததும் சரி. ஆனாலும் இடைக்கிடை எடுத்துப் பார்க்கச் சொன்னார் டொக்டர்.

அக்காவின் இரத்தத்தில் மட்டும் கிரியேட்டினின் இறங்கவே இல்லை. இரண்டாம் தரமும் கூடுதல், மூன்றாம் தரமும் கூடுதல். டொக்டர் அவரை மட்டக்களப்பில் கிளினிக்குக்கு அனுப்பினார். நான் தண்ணீர் எடுக்கப் போன ஒருநாள், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து என் கதையைச் சொன்னேன்.

"எனக்கும் ஒருக்கா கூடுதலாத்தான் வந்திச்சு அக்கா."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "இப்ப?"

"இப்ப பரவாயில்ல. இறங்கிட்டு."

அக்கா கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப எனக்கு ஏன் இறங்கல்ல? எங்கட வீட்டுக்காரரும் இதத்தானே குடிக்கிறார். அவருக்கு ஒண்டும் இல்லையே."

அவருடைய கிணற்றில் கல்சியம் கூடுதலாக இருந்தது, ஆனால் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான். இரண்டு வளவு தள்ளியிருந்த கிணறு இதைவிட மோசம், அந்த வீட்டில் எல்லோரும் சுகம். இதை அவரிடம் சொல்வதா, விடுவதா என்று யோசித்தேன். சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது என்று நினைக்கிறேன். அவருக்கு இருந்த ஒரு காரணத்தையும் நான் பறித்துக்கொண்டு வந்ததுபோல ஆகிவிட்டது.

கடைசியில் கிராமத்துப் பாடசாலையில் சனங்களைக் கூப்பிட்டு முடிவுகளைச் சொன்னோம். தண்ணீரில் கடினத்தன்மை கூடுதல், ஆனால் எல்லைக்குள் என்றேன் நான். வெயிலில் வேலை செய்பவர்கள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார் டொக்டர். வட்டையோரத்தில் பெண்களுக்கு மலசலகூடம் கட்ட வேண்டும் என்றார் காக்கா. பெண்கள் பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழும்பினார்.

"நிறையக் குடிக்கச் சொல்றீங்க. இந்தத் தண்ணியையா, வேற தண்ணியையா?"

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் சொல்வேன் என்று டொக்டர் காத்திருந்தார், டொக்டர் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். பிறகு டொக்டர், முடியுமானவர்கள் வடிகட்டிய தண்ணீர் குடியுங்கள் என்றார். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். திருப்தியாக உட்கார்ந்தாரா, அலுத்துப்போய் உட்கார்ந்தாரா தெரியாது.

அக்கா இப்போதும் மாதாமாதம் கிளினிக்குக்கு வருகிறார். அவருடைய முடிவு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. போன மாதம் அவரோடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பஸ் பிந்தியதையும், மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பதையும் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில், "என்னத்தாலயாம் இது, கண்டு புடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ம்," என்றுவிட்டு மகளின் கதைக்கே திரும்பிப் போனார். அவரை உள்ளே கூப்பிட்டார்கள். எனக்கும் அன்று இரத்தம் கொடுக்க இருந்தது.

வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்த ஊழியர் என் முன்னால் நின்றார். "நீங்க வருத்தக்காரரா, கூட வந்தவங்களா?"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் அடுத்தவரிடம் போய்விட்டார்.