சண்டைக் கட்டும் மரியாதைக் கட்டும்

இன்று கல்முனை பசாரில் என் கடை வாசலிலேயே அடிதடி நடக்கப் பார்த்தது. காரணம், நான் கட்டிவிட்ட ஒரு சால்வை.

காலையில் தொந்தி பெருத்த ஒருவர் சால்வை வாங்க வந்தார். கல்லோயா அணைத் தண்ணீர் வயலுக்கு வந்ததிலிருந்து அவருக்கும் அவருடைய காக்காவுக்கும், அதாவது அண்ணனுக்கும், வரம்புச் சண்டை. இன்று பள்ளிவாசலில் விசாரணை. பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்கார்மார் முன்னால் மரியாதைக்கு இடுப்பில் சால்வை கட்டித்தானே நிற்கவேண்டும்?

"எனக்கு இடுப்பில நிக்கிதில்ல, வழுக்கி விழுது," என்றார்.

"தொந்திக்குக் கீழ இறக்கிக் கட்டணும். மெலிஞ்ச ஆளெண்டா ரெண்டு சுத்து," என்று நானே கட்டிவிட்டேன். கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிவிட்டேன். இறுக்கிக் கட்டினால் இங்கே அதற்கு வேறு அர்த்தம்.

அவர் படியிறங்கவும் காக்கா எதிரே வரவும் சரியாக இருந்தது. காக்கா ஈர்க்குப் போல மெலிந்தவர். தம்பியின் இடுப்பைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது.

"என்னடா, அடிக்கவா இறுக்கிக் கட்டிக்கிட்டு வாறாய்?"

தோளில் கிடந்த சால்வையை உருவி அவரும் இடுப்பில் கட்டினார். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"இல்ல காக்கா, இது மரியாதைக்கு..."

"பொய் சொல்லாத!"

காக்கா ஓர் எட்டு முன்னால் வைத்தார். ஒற்றைச் சுற்றுத்தான் சுற்றியிருந்தார். சால்வை நழுவிக் காலடியில் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. தம்பி குனிந்து அதை எடுத்தார். காக்காவின் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"இறுக்காத," என்றார் காக்கா.

இருவரும் ஒன்றாகவே பள்ளிவாசலுக்குப் போனார்கள்.

மரியாதை எந்த இறுக்கத்தோடு முடிகிறது, சண்டை எந்த இறுக்கத்தில் தொடங்குகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளைக்கும் நான் கடை திறக்கவேண்டும்.