ஒஸ்ரேலியாவில் இருக்கும் மருமகன்

என் தங்கையின் மகன் ஒஸ்ரேலியாவில் இருப்பதாகத்தான் ஸ்காபரோவில் நாங்கள் வாழும் வோபர்ன் பகுதியில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தோம். உண்மையில் அவன் ரொறொன்ரோவுக்கு வெளியே ஒரு சிறையில் ஆயுள் தண்டனையில் இருக்கிறான். சிநேகிதர்களோடு சண்டைக்குப் போனான், ஒருவன் செத்தான். கத்தி இவன் கையில் இருக்கவில்லை. நீதிமன்றத்துக்கு அது பெரிய வித்தியாசமாகப் படவில்லை.

கணக்குப் படிப்பித்தவன் நான். எதைக் கண்டாலும் எண்ணுவேன். பார்வையாளர் அறையில் பதினான்கு மேசைகள். ஒன்பதில் கறுப்பினத்தவர், மூன்றில் பூர்வகுடிகள், ஒன்றில் வெள்ளைக்காரன், ஒன்றில் நாங்கள். திரும்பும் வழியில் பஸ்ஸிலும் எண்ணினேன். அங்கே கணக்கு தலைகீழாக இருந்தது, வெள்ளைக்காரர்தான் அதிகம்.

முதல் வருடங்களில் தங்கை பக்கத்து மேசைக் கறுப்பினத் தாய்க்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். நாங்கள் வேறு ஆட்கள் என்ற நினைப்பு. இப்போது இருவரும் பேசிக்கொள்வார்கள்.

அடுத்த மாதம் மருமகனுக்குப் பரோல் விசாரணை. வெளியே வந்தால் வேலை தர, துணை நிற்க யார் இருக்கிறார்கள் என்று அதிகாரி கேட்டிருந்தார். தன் மகனுக்காகத் தேவாலயத்திலிருந்து இருபது பேர் வந்து நின்றும் இரண்டு தடவை மறுத்துவிட்டார்கள் என்றாள் அந்தத் தாய். உங்களுக்கு எத்தனை பேர் என்று கேட்டாள். ஒஸ்ரேலியாவில் இருப்பவனுக்கு ஸ்காபரோவில் யார் வேலை தருவார்கள்?

போன சனிக்கிழமை தங்கையோடு மரக்கறிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முருங்கைக்காயை நிறுத்தபடி கேட்டார்.

"என்னக்கா, மகன் அங்க கங்காருவையே கட்டிப்போட்டாரோ? ஒரு கலியாணவீட்டிலயும் காணேல்லை."

நான் வழக்கம்போல் சிரிக்கத் தயாரானேன். தங்கை முந்திக்கொண்டாள்.

"அவன் ஒஸ்ரேலியாவில இல்லைத் தம்பி. இஞ்சதான், ஜெயில்ல. பன்ரெண்டு வருசமாச்சு. விட்டால் உங்கட கடையில வேலை குடுப்பீங்களோ? ஓம் எண்டால் அதைப் பரோல் விசாரணையில சொல்லவேணும்."

பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். கடைக்காரர் தராசையே பார்த்தார்.

"உதை முதலே சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லியிருந்தால் என்ர மகளை ஆர் கட்டியிருப்பினம்?"

அவர் முருங்கைக்காயைப் பைக்குள் வைத்தார். "மனிசியிட்டக் கேட்டுச் சொல்லுறன்" என்றார்.

வெளியே வந்ததும் தங்கை கேட்டாள்: "அண்ணை, உவர் தருவாரோ?"

இருபது பேர் நின்றும் விடாதவர்கள், மனைவியைக் கேட்டுச் சொல்லப்போகிற ஒருவரை நம்பி விடுவார்களா?

"மீன் கடையிலயும் கேட்டுப் பாப்பம்" என்றேன்.