பத்துக் குதிரையும் ஒரு கலியாண வள்ளமும்

போன செவ்வாய்க்கிழமை, நெடுந்தீவு இறங்குதுறையில் நாலு பேர் பார்க்க என் மானம் போனது.

சவிரிமுத்தரின் வள்ளத்து இஞ்சின் வெடித்துப்போனது. பத்துக் குதிரைவலு. புதிதாக எதை வாங்கலாம் என்று கேட்டார். விஞ்ஞானம் படிப்பிக்கிறவனாயிற்றே நான்... “இதுவும் பத்துக் குதிரைதான், பாரமும் குறைவு” என்று ஒன்றைக் காட்டினேன். வாங்கிவிட்டார்.

பழைய புரொப்பெல்லரில் நேரே பூட்டி ஓட்டிப் பார்த்தோம். கரையோரம் ஓடியது. நீரோட்டத்தில் தலையை வைத்ததும் புகை கக்கிவிட்டு நின்றது. மூன்று தரம்!

“நீங்கள் சொல்லித்தானே வாங்கினனான், மாஸ்டர்? சனிக்கிழமை என்ரை பிள்ளையின்ரை கலியாணம்.”

மாப்பிள்ளை வீட்டார் ஊர்காவற்றுறை. அவர்களைப் பெண் வீட்டாரின் சொந்த வள்ளத்தில்தான் ஏற்றிவர வேண்டும். இரவல் வள்ளம் என்றால் அந்தப் பிள்ளை புகுந்த வீட்டில் ஆயுள் முழுக்கக் குத்துக்கதை கேட்கும். எனக்கு வெட்கமாக இருந்தது.

சிகரெட் பெட்டியைக் கிழித்துக் கணக்குப் போட்டேன். குதிரைவலுவை 5252ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றால் வகுத்தால் முறுக்குவிசை, அதாவது தண்டைத் திருகும் பலம். பழையது ஆயிரம் சுற்று — ஐம்பத்திரண்டரை இறாத்தல்-அடி. புதியது மூவாயிரம் — பதினேழரை. மூன்றில் ஒன்று! அதே பத்துக் குதிரைதான். சுற்று கூடுதல், இழுவை குறைவு.

பிறகென்ன? இஞ்சினில் ஆறு அங்குலக் கப்பி, புரொப்பெல்லர் தண்டில் பதினெட்டு அங்குலக் கப்பி. பெரியதைத் தச்சர் வேம்பில் கடைந்தார். பெல்ட் நெல்லு மில்லில் இரவல். வேகம் மூன்றில் ஒன்றாகக் குறைய, முறுக்கு மூன்று மடங்கானது. வெள்ளிக்கிழமை வள்ளம் நீரோட்டத்தைக் கிழித்துக்கொண்டு போனது. சனிக்கிழமை மாப்பிள்ளை நனையாமல் வந்து இறங்கினார்.

விருந்தில் நான் கணக்கை விளக்கிக்கொண்டிருந்தேன். சவிரிமுத்தரின் மனைவி றெஜினாக்கா கறிச்சட்டியோடு நின்றா.

“நான் அண்டைக்கே இவரிட்டைச் சொன்னனான், மாஸ்டர். பழைய இஞ்சினைச் சுத்தி ஸ்டார்ட் பண்ண ரெண்டு ஆம்பிளையள் வேணும். இதை நான் ஒரு கையாலை சுத்திறன். எனக்கே மடங்கிற சாமான் கடலோடை மல்லுக்கட்டுமே?”

காரணம் முழுக்கச் சரியில்லை. விடை சரி. அதுவும் என்னைவிட முந்தி!

இஞ்சின் தகட்டில் குதிரைவலுவுக்குக் கீழே வேகமும் அடித்திருக்கிறது. றெஜினாக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த நான்தான் வாங்கும்போது அதை வாசிக்கவில்லை.