பகலில் வந்த நரி

தொலைக்காட்சியில் தினமும் பறவைக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்த வருடம் அது. வடக்கே எங்கோ கோழிகளை மொத்தமாகக் குழியில் போட்டு மூடினார்கள். ஆம்பூர் பிரியாணிக் கடைகளில் சிக்கன் கேட்பவர் இல்லை. பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில், பாலாற்றை ஒட்டி எங்கள் வீடு. நான் பள்ளியில் உயிரியல் டீச்சர்.

பக்கத்து வீட்டுப் பெண் ஷூ கம்பெனியில் தைக்கிறவள். அவள் வளர்த்த நாட்டுக்கோழிகள் ஒரே வாரத்தில் கழுத்தைத் தொங்கப்போட்டு ஒவ்வொன்றாகச் செத்தன. "ஆழமா தோண்டிப் பொதைச்சிடும்மா" என்றேன். தோண்டிப் பார்த்தாள். மண் இறுகிக் கிடந்தது. கம்பெனி பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. சாக்கில் கட்டி ஆற்றோர முள்ளுக்குள் போட்டுவிட்டு ஓடினாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போய் எடுத்து வரப் பயமாக இருந்தது. மறுநாள் சாக்கு கிழிந்து, மணலெல்லாம் இறகாகக் கிடந்தது.

நாலைந்து நாள் கழித்து, சர்ச்சிலிருந்து திரும்பியபோது எங்கள் கிணற்றடியில் ஒரு நரி. பட்டப்பகல். என்னைப் பார்த்தும் ஓடவில்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நடுங்கியது. சுற்றிச் சுற்றி நடந்து துவைக்கிற கல்லில் முட்டிக்கொண்டது. மறுபடி அதே சுற்று. தெருவில் ஆட்கள் கல்லை எடுத்துவிட்டார்கள். "அடிக்காதீங்க, கிட்டவும் போகாதீங்க" என்று கத்தினேன்.

கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன்.

"செத்த கோழி இருக்குதா டீச்சர்? இருந்தா சாம்பிள் அனுப்பலாம்."

"இல்ல சார். நரி தின்னுடுச்சு."

"நரிக்கு நான் இன்னா பண்றது? ஃபாரஸ்ட்ல சொல்லிப் பாருங்க."

வனத்துறை ஆபீஸில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை.

ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக் கொம்பால் தள்ளிவிட்டேன். மூக்கை நனைத்தது, குடிக்க முடியவில்லை. சாயங்காலம் வரை கால்களை உதைத்துக்கொண்டு கிடந்து செத்தது.

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுக்காரியின் கணவன் அங்கிருந்து சுண்ணாம்பு கொண்டுவந்தான். இந்த முறை ஆழமாகவே தோண்டினோம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவள் கேட்டாள்:

"டீச்சர், நீங்க படிச்சவங்க. சொல்லுங்க. நான் போட்ட கோழியாலதானா?"

வெறிநோயாக இருக்கலாம். நாய்களிடமிருந்து தொற்றும் வேறு ஏதோவாக இருக்கலாம். கோழியிடமிருந்து வந்த காய்ச்சலாகவும் இருக்கலாம்.

"தெரியலம்மா."

"நமக்கு வருமா?"

அதற்கும் அதையேதான் சொன்னேன். அவள் அழுதாள்.

பிறகு பல நாள், வேலைக்குக் கிளம்பும்முன் என் வாசலில் வந்து நிற்பாள். நான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அவள் என் நெற்றியை. எங்கள் இருவருக்கும் ஒன்றும் வரவில்லை. ஆற்று மணலில் இன்னும் இரண்டு நரிகள் செத்துக் கிடப்பதாக ஆடு மேய்ப்பவர் வந்து சொன்னார். மறுபடியும் டாக்டருக்குப் போன் செய்தேன். பாவம், அவர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "பசங்கள அந்தப் பக்கம் விடாதீங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.