ராகு காலத்து கிஃப்ட் கார்டு

தாம்பரத்தில் அந்தத் துணிக்கடை திறந்த நாளிலிருந்து பில் கவுண்டரில் அபிகாயில்தான். கடையே அவளுடையது என்பதுபோல வேலை பார்ப்பாள். வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் தேவானந்தம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கம்பெனி திவாலாயிடுச்சும்மா. கடை இன்னும் கொஞ்ச நாள் ஓடும், அவ்ளோதான். பன்னெண்டு மணிக்கு கிஃப்ட் கார்டை மட்டும் சிஸ்டம்ல நிறுத்திடுவாங்க. யார்கிட்டயும் மூச்சு விடாத. நான் போற புதுக் கடையில உனக்கும் வேலை சொல்லி வச்சிருக்கேன். கெடுத்துக்காத."

"கார்டு வச்சிருக்கறவங்க என்ன சார் பண்ணுவாங்க?"

"கோர்ட்ல எழுதிக் குடுத்துட்டுக் காத்திருக்கணும். பேங்குக்கெல்லாம் போக மிச்சம் இருந்தா கிடைக்கும். இருக்காது."

அபிகாயில் மகனின் காலேஜ் படிப்பு இன்னும் முடியவில்லை. அந்தப் புது வேலை இல்லாவிட்டால் வீடு நடக்காது. வாயைக் கட்டிக்கொண்டு கவுண்டரில் உட்கார்ந்தாள்.

பதினொன்றரை மணி இருக்கும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே படியில் அம்மணி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பல்லாவரத்தில் பக்கத்து வீட்டுக்காரி. திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை. தீபாவளிக்கு அங்கே எல்லோருக்கும் இந்தக் கடையின் கிஃப்ட் கார்டுதான் கொடுத்தார்கள். மகள் தீபலட்சுமியின் முகூர்த்தப் புடவைக்கென்று அதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தியிருந்தாள். வந்தவள் உள்ளே வரவேண்டியதுதானே? வரமாட்டாள். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். ராகுவும் ஹெட் ஆபீஸும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நேரத்தைக் குறித்திருக்கிறார்கள்!

அபிகாயில் கொஞ்ச நேரம் பார்க்காததுபோல இருந்து பார்த்தாள். முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

"அக்கா, உள்ள வா. இப்பவே பில் போட்டுடலாம்."

"இன்னாடி நீ, ராகு காலம் கீது. தாலி கட்டிக்கிற பொடவைடி."

அபிகாயில் குரலைத் தாழ்த்தினாள். "பன்னெண்டுக்கு மேல இந்த கார்டு செல்லாதுக்கா. ஏன்னு கேக்காத."

அம்மணியின் முகம் வெளுத்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. "என் கண்ணாலத்துக்கு ராகு காலத்துலதான் பொடவ எடுத்தாங்க. அந்தாளு ரெண்டே வருசத்துல வுட்டுட்டுப் போய்ட்டான். என் பொண்ணுக்கும் அதே கதியா? காசு போனா போவுது, நான் வர மாட்டேன்."

கண்ணாடி வழியே உள்ளே கடிகாரம் தெரிந்தது. இவளோடு மல்லுக்கட்ட நேரமில்லை. அபிகாயிலுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அப்போதுதான் அந்த யோசனை தட்டியது.

"ராகு காலம் உனக்குத்தானே? எனக்கு ஏது? போன வாரம் பார்த்து வச்சியே, அந்த அரக்குப் புடவையை நான் வாங்கறேன். என் பேர்ல பில். பன்னெண்டு அடிச்சப்புறம் என் கையால நீ வாங்கிக்கோ."

அம்மணி அவளையே பார்த்தாள். பிறகு கார்டைக் கையில் கொடுக்காமல் படியில் வைத்தாள். அபிகாயில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

புடவை கவுண்டருக்கு வந்தது. கார்டைத் தேய்த்தாள். மெஷின் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. தேவானந்தம் மாடிப்படியில் இறங்கி வருவது தெரிந்தது. 'ஆண்டவரே, இது ஒண்ணு மட்டும்' என்று முணுமுணுத்தாள். இரண்டாம் முறை தேய்த்தபோது பில் வெளியே வந்தது. தேவானந்தம் பில்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

பன்னிரண்டு அடித்ததும் அம்மணி வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்தாள். இரண்டு கையாலும் பையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்லாருப்படி" என்று அவள் சொல்லும்போதே வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது.

நான்கு பெண்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். நால்வர் கையிலும் அதே கார்டு. பட்டறையில் அம்மணியோடு வேலை செய்கிறவர்கள். 'பன்னெண்டுக்கு மேல நல்ல நேரம், வந்துடுங்க' என்று நேற்று அவர்களிடம் சொன்னதே அம்மணிதான். புடவைப் பதற்றத்தில் அதை மறந்தே போயிருந்தாள்.

தேவானந்தம் அபிகாயிலின் காதருகே குனிந்தார். "சர்வர் டவுன், நாளைக்கு வாங்கன்னு சொல்லு."

நாளைக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவார்கள். அதற்கு மறுநாளும் வருவார்கள். அபிகாயில் எழுந்து நின்றாள். மகனின் முகம் ஒரு கணம் கண்முன் வந்தது.

"நாளைக்கு வராதீங்கக்கா" என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி. "கம்பெனி திவாலாயிடுச்சு. கார்டு இனிமே செல்லாது. கோர்ட்ல எழுதிக் குடுக்கணுமாம். எப்படின்னு விசாரிச்சுச் சொல்றேன்."

தேவானந்தம் மாடிக்குத் திரும்பினார். புது வேலையும் அவரோடு படியேறிப் போனது.

நான்கு பேரும் கையிலிருந்த கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி அம்மணியைக் கண்டுகொண்டு, "உன்னுது இன்னாக்கா ஆச்சு?" என்று கேட்டாள்.

அம்மணி பையை மெல்ல முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.