சம்பவம் நடந்த இடம்

கோயில் ஆண்டு மலரில், தங்க ஓரமிட்ட கட்டத்துக்குள் இப்படி அச்சாகியிருக்கிறது: "திரு. ஜெயபாலன், குடும்ப நல்லிணக்கக் குழுத் தலைவர், சட்டச் செம்மல், அல்லலுறும் மகளிரின் அரண்." பட்டங்களெல்லாம் அச்சகத்தார் ஆசைப்பட்டுப் போட்டவை என்று அவர் சொல்லிக்கொள்வார். எழுதிக் கொடுத்தது யார் என்று அச்சகத்தாருக்குத் தெரியும்.

ஜெயபாலன் பிறந்தது மலேசியாவில், தெலுக் இந்தான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்து நியாயத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலிக்குள் நடந்த சண்டையை வேலிக்குள் இருக்கும் கோயிலில்தான் பேசுவார்கள். பக்கத்துத் தோட்டத்தார் வாய் திறக்கக் கூடாது. இரண்டு தோட்டத்துக்கும் நடுவே ஒரு வடிகால் ஓடியது. ஒருமுறை இரண்டு பேர் அந்த வடிகாலுக்குள்ளேயே இறங்கி மண்டையை உடைத்துக்கொண்டார்கள். "தண்ணி அவங்களது" என்றார் இந்தத் தோட்டத்துத் தலைவர். "கரை இவங்களது" என்றார் அந்தத் தோட்டத்துத் தலைவர். கடைசிவரை யாரும் விசாரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எதுவும் ஏறாத ஜெயபாலனுக்கு இந்தப் பாடம் மட்டும் ஒரே தடவையில் ஏறிவிட்டது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் அவர் ஈப்போவுக்கு வந்து ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி என்ற குமாஸ்தாவானார். கோப்புகளைக் கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓய்வு பெற்ற மறுவாரமே, குடியிருந்த தாமான் வீடுகளிலெல்லாம் அவருக்கு "லாயர் ஜெயபாலன்" என்று பெயர். தூக்கிய சுமை அறிவாகிவிடும் என்றால் கழுதைகளை நாம் இன்னும் கொஞ்சம் மரியாதையாக நடத்தியிருக்க வேண்டும்.

குழுவுக்குப் பெண்கள் வருவார்கள். தினேஸ்வரி என்று ஒருத்தி கன்னம் வீங்கி வந்தாள்.

"அண்ணே, வூட்டுக்காரரு அடிக்கிறாருண்ணே."

"எந்த ஊர்ல வெச்சு அடிச்சாரு?"

"பாகான் செராயில, அவங்கம்மா வூட்ல."

"அப்ப பாகான் செராய் கோயில்ல போயி சொல்லும்மா. இது நம்ம ஏரியா இல்ல லா."

பாகான் செராய்க்காரர்களும் சளைத்தவர்களல்ல. கல்யாணப் பதிவு எங்கே என்று கேட்டு அவளை லூமுட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். ஆண்டுக் கூட்டத்தில் ஜெயபாலன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறிவிப்பார்: "நம்ம குழுவுல தீராத புகார்னு ஒன்னுகூட கெடையாது." பொய் என்று சொல்ல முடியாது. வாங்காத புகார் எப்படித் தீராமல் கிடக்கும்?

உள்ளூர்ப் பெண்களுக்கு வாய் அதிகம் என்பதால், மகன் தனேஷுக்கு அறந்தாங்கியிலிருந்து பெண் எடுத்தார். வந்தவள் கௌரி. அவளுக்கும் வாய் இருந்தது.

"மாமா, உங்க புள்ள என்னைப் போட்டு அடிக்கிறாரு. நீங்கதானே ஊருக்கே நியாயம் சொல்றீங்க?"

"நீ இந்தியப் பிரஜைமா. தாலி கட்டுனதும் அங்கதான். ஒங்க ஊர்ல போயி சொல்லு."

ஜெயபாலன் வாழ்நாளில் வழங்கிய ஆலோசனைகளில், ஒருவர் அப்படியே கடைப்பிடித்தது இது ஒன்றைத்தான். கௌரி இந்தியாவுக்குத் திரும்பினாள். பெற்றோருக்குப் பாரமாக இருக்க மனமில்லாமல் திருச்சியில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, வாடகைக்கு ஓர் அறையும் பிடித்துக்கொண்டாள். "வந்து முடியப் புடிச்சு இழுத்துட்டு வருவேன்" என்று தனேஷ் வாட்சப்பில் குரல் பதிவு அனுப்பினான். விமான டிக்கெட்டின் படத்தையும் அனுப்பினான். அவன் தன்னை நெருங்கக் கூடாது என்று உத்தரவு கேட்டு, அவள் திருச்சி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டாள். எதிர்மனுதாரர்கள் இரண்டு பேர்: புருஷன், மாமனார். உத்தரவு கிடைத்தால் அவன் அவள் வாசலை மிதிக்க முடியாது. கிடைக்காவிட்டால் மிதிப்பான்.

நோட்டீசைப் படித்த ஜெயபாலனுக்கு வாயெல்லாம் பல்.

"அடிச்சது ஈப்போ, தாலி அறந்தாங்கி, கேஸு திருச்சி! ஒன்னுக்கொன்னு ஒட்டுதா பாரு. நிக்காது லா இந்தக் கேஸு."

"அடிச்சதுன்னு சொல்லாதீங்கப்பா" என்றான் தனேஷ்.

"நடந்ததுன்னு வெச்சுக்க."

அப்பனும் மகனும் திருச்சிக்குப் பறந்தார்கள். அங்கே அமர்த்திய வக்கீல் கனகராஜ் பொறுமைசாலி.

"சார், இந்தச் சட்டம் அப்படி இல்ல. அந்தப் பொண்ணு நிரந்தரமா இருக்கிற ஊரும் ஆகும், தற்காலிகமா தங்கியிருக்கிற ஊரும் ஆகும், வேலை பாக்கிற ஊரும் ஆகும். எதிராளி இருக்கிற ஊர், சம்பவம் நடந்த ஊர்னு இன்னும் இருக்கு. இதுல எது ஒண்ணு இருந்தாலும் அந்த ஊர் கோர்ட் மனுவை எடுத்துக்கலாம்."

"தற்காலிகம்னா? நானும்தான் இப்ப லாட்ஜ்ல தற்காலிகமா இருக்கேன்."

"கேஸ் போடறதுக்குன்னே லாட்ஜ்ல ஒரு நாள் தங்கிட்டுப் போனா அது வேற சார். அவங்க இங்க வாடகை குடுத்துக் குடியிருக்காங்க, வேலை பாக்குறாங்க. அதோட, உங்களை யாரும் அடிக்கலையே?"

"எங்க தோட்டத்துல..."

"இது தோட்டம் இல்ல சார்."

ஆனாலும் கட்சிக்காரர் அடம்பிடித்தார். கனகராஜ் பெருமூச்சு விட்டுவிட்டு, அவர் கேட்டபடியே பதில் மனு எழுதினார்.

மாஜிஸ்திரேட் அம்மா அதை மேலிருந்து கீழே படித்தார். "சம்பவம் மலேசியாவிலங்கறீங்க, இருக்கட்டும். மனுதாரர் குடியிருக்கிறது இங்க, வேலை பாக்கிறது இங்க. அது போதும், இந்தக் கோர்ட் விசாரிக்கும்." தாளைத் திருப்பிப் பார்த்தார். "பதில் மனு பூரா ஊர்ப் பேரா இருக்கே. அடிக்கலைன்னு ஒரு வரிகூட இல்லையே, வக்கீல் சார்?"

காலமெல்லாம் எங்கே, எங்கே என்று கேட்டே ஊரைச் சுற்றவிட்ட ஜெயபாலன் முன்னால், எங்கே என்ற கேள்வி அரை நிமிடத்தில் முடிந்துபோயிருந்தது. அடுத்த கேள்வி என்ன என்று அவருக்குத் தெரியும். அது வந்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை தூரம் டிக்கெட் போட்டு வந்திருந்தார்.

கௌரி எழுந்தாள். "நான் அடி வாங்குன அன்னைக்கு மாமா என்ன பண்ணாருன்னு அவரையே கேளுங்க மேடம்."

"என்ன பண்ணீங்க?" என்றார் மாஜிஸ்திரேட்.

"அது ஈப்போல நடந்ததுமா" என்றார் சட்டச் செம்மல்.

கனகராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று மத்தியானமே இடைக்கால உத்தரவு வந்தது. தனேஷ் கௌரியின் அறைக்கோ கடைக்கோ போகக் கூடாது. போனிலும் தொந்தரவு செய்யக் கூடாது. கௌரி சாயங்கால முறைக்கு மருந்துக் கடைக்குப் போய்விட்டாள். ஜெயபாலன் ஊர் திரும்பி, இந்தியாவில் சட்டம் கெட்டுக் கிடப்பதாகக் கோயிலில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஈப்போவில் நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உதட்டில் ரத்தத்தோடு கௌரி வீட்டுக்குள்ளிருந்து கேட்டை நோக்கி ஓடி வந்தாள். ஜெயபாலன் நாற்காலியிலிருந்து எழுந்து போய்க் கேட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.