கிணற்றுக்குள் ஒரு பென்சில்

"தண்ணிக்குள்ள எழுதுற மாதிரி பென்சில் இருக்குதாங்கண்ணா?"

போன புதன்கிழமை காலை, கடையைத் திறந்து ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் இப்படிக் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே சிரித்தேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான் – திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டேஷனரி கடை. ஜெராக்ஸ் உண்டு. கல்யாணப் பத்திரிகை ஆர்டரும் எடுப்பேன். பரீட்சைக்கு முன்னால் மலைக்குக் கொண்டுபோய்ச் சாமி பாதத்தில் வைத்து வாங்குகிற பேனாக்களில் பாதி என் கடைச் சரக்கு. எழுதுகிற சாமான் எதுவானாலும் என்னிடம் இருக்கும் என்று எனக்குள் ஒரு திமிர்.

"பர்மனென்ட் மார்க்கர் தரேன். லேமினேஷன் ஷீட் தரேன். கடல்ல போட்டாலும் அழியாதும்மா."

அவள் வாதாடவில்லை. வாசலில் தெளிக்க வைத்திருந்த பக்கெட் தண்ணீரைக் காட்டினாள். "உள்ள வெச்சு எழுதிக் காட்டுங்க."

லேமினேஷன் ஷீட்டை உள்ளே வைத்து, முழங்கை வரை கையை விட்டு எழுதினேன். மார்க்கர் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஜெல் பேனாவின் மை கலங்கிக் கரைந்தது. பால்பாயின்ட் வெறும் கீறல் போட்டது.

"எழுதினது அழியாமதான் இருக்கும்ணா. மொதல்ல எழுத வரணுமே?"

கடைசியில் அவள் வாங்கியது எதை என்று நினைக்கிறீர்கள்? சாதாரண மரப் பென்சில். 2B. ஒரு டஜன்.

பெயர் பார்கவி. பொதட்டூர்பேட்டைப் பெண்; வீட்டில் தறி ஓடுகிறது. அவளுக்கு வேலை தூத்துக்குடிப் பக்கம். முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலில் இறங்கி, பவளப்பாறையையும் மீன்களையும் எண்ணி, அங்கேயே குறித்துக்கொண்டு வர வேண்டும். சிலிண்டரைச் சென்னையில் டெஸ்ட் செய்து, காற்று நிரப்பிக்கொண்டு, நாலு நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறாள்.

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். வெள்ளைத் தாள், தொட்டால் பால் கவர் மாதிரி வழவழப்பு. பிளாஸ்டிக்கில் செய்ததாம். பக்கெட்டுக்குள் வைத்துப் பென்சிலால் எழுதினாள். பளிச்சென்று விழுந்தது. பிளாஸ்டிக் சிலேட்டும் வைத்திருக்கிறாள். ஆனால் அதை ஒவ்வொரு நாளும் தேய்த்து அழிக்க வேண்டும். தாள் என்றால் அப்படியே ஃபைலில் போடலாம். மரப் பென்சில் ஊறி, பசை விட்டுப் பிளந்துகொள்ளும். அதனால்தான் டஜன் கணக்கு. கயிற்றில் கட்டாவிட்டால் மிதந்து போய்விடும்.

"எழுதறப்ப மூச்ச அடக்கக் கூடாதுண்ணா. அதான் கஷ்டம். எல்லாரும் கவனமா எழுதறப்ப மூச்சப் புடிச்சுக்குவாங்க."

அப்படியா? ஒரு கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். ஆமாம்... பிடித்துக்கொண்டுதான் போட்டேன்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கடையில் இன்னொருவரும் நின்றிருந்தார் – தசரதன். பள்ளிப்பட்டு போகிற வழியில் நிலம். அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையின் புரூஃப் ஒரு வாரமாக என் மேஜையில் கிடக்கிறது. காரணம் ஒரே ஒரு வரி. பெரியப்பா தணிகாசலம் என்ற பெயரைப் போடுவதா, வேண்டாமா?

அண்ணன் தம்பி பேசி இரண்டு வருஷம் ஆகிறது. இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு. அதன் உள்ளே அவர்கள் அப்பா போட்ட சைடு போர், அதாவது சுவரில் பக்கவாட்டாகத் துளைத்த ஊற்றுவழி. இரண்டு வருஷத்துக்கு முன் தணிகாசலம் கிணற்றைத் தூர் வாரினார். அதற்குப் பிறகு நீர் ஊறுவது குறைந்துவிட்டது. தூர் வாருகிற சாக்கில் மேற்கு சைடு போரைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார், தண்ணீர் தன்னுடைய புதுப் போர்வெல்லுக்கே போகட்டும் என்று – இது தசரதனின் புகார். ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று.

ஆள் விட்டுப் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். தம்பி அனுப்பிய ஆள் முங்கி எழுந்து "ஆங், சிமென்ட்டுதான்" என்றான். அண்ணன் அனுப்பிய ஆள் முங்கி எழுந்து "ஒண்ணுமே இல்ல" என்றான்.

"எங்க கெணத்துல எறங்கறியாம்மா?" என்றார் தசரதன். "மேல வந்து சொல்றது வேணாம். உள்ளயே எழுதிடணும். அடைச்சிருந்தா அந்தப் பேர எடுத்துடுங்க சார். இல்லன்னா நானே போய் மொதப் பத்திரிகைய அவரு கையில குடுக்கறேன்."

பார்கவி பென்சில்களைப் பையில் போட்டாள். "நான் பார்த்தத மட்டும்தான் எழுதுவேன். ரெண்டு பேரும் நிக்கணும்."

தணிகாசலத்துக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். வியாழக்கிழமை காலை எல்லோரும் கிணற்றடியில் நின்றோம். அவள் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை யார் பிடிப்பது என்பதிலேயே தகராறு. அண்ணன் பிடித்தால் தம்பிக்கு நம்பிக்கை இல்லை. தம்பி பிடித்தால் அண்ணனுக்கு. எனவே, கல்யாணப் பத்திரிகையும் ஜெராக்ஸ் தாளும் தவிர எதையும் தூக்கிப் பழகாத என் கையில் கயிறு வந்து சேர்ந்தது. அவள் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை ஒரு இழுப்பு இழுப்பாள். நலம் என்று அர்த்தம். இழுப்பு வராவிட்டால் தூக்க வேண்டும்.

சும்மா சொல்லக் கூடாது, எனக்குப் பயமாக இருந்தது. குபுகுபுவென்று மேலே வரும் காற்றுக் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரெதிர்க் கரையில் அண்ணனும் தம்பியும். இருவர் கண்ணும் தண்ணீரில். ஒரு முறை இழுப்பு வரக் கொஞ்சம் தாமதமானது. அந்தக் கொஞ்ச நேரமும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பதினெட்டு நிமிஷம் கழித்து மேலே வந்தாள். நோட்டிலிருந்து தாளைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். பெரிய பெரிய எழுத்து. உரக்கப் படித்தேன்.

"மேற்கு போர், 26 அடி. வாய் முழுக்க வேர். சிமென்ட் இல்லை. வேர் மேற்குச் சுவரில் உள்ள அரச மரத்துடையது."

தணிகாசலத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா? அந்தச் செடி மொளைச்சப்பவே வெட்டுடான்னேன். சாமி மரம்னு மஞ்சத் தண்ணி ஊத்திகினு இருந்த!"

மேற்குச் சுவர் தசரதனுடைய பக்கம். அவர் காது வரை சிவந்து போனார்.

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றேன்.

"மேற்கு மோட்டார், 30 அடியில். கிழக்கு மோட்டார், 41 அடியில்."

ஒருவர் மட்டும் ஆழத்திலிருந்து அதிகம் உறிஞ்சிவிடக் கூடாதென்று, இருவருடைய மோட்டாரும் முப்பது அடியிலேயே தொங்க வேண்டும் என்பது அவர்கள் அப்பா செய்து வைத்த ஏற்பாடு. கிழக்கு மோட்டார் தணிகாசலத்துடையது.

"கயிறு நெகிழ்ந்து எறங்கியிருக்கும்..." என்றார் அவர்.

"பதினோரு அடியா?" என்றார் தசரதன்.

இரண்டு வருஷத்தில் ஒருவர் பேச்சுக்கு இன்னொருவர் பதில் பேசியது இதுதான் முதல் தடவை.

தணிகாசலம் சுற்றும் முற்றும் பார்த்தார். வேலி ஓரமாக நாலைந்து பேர் சேர்ந்துவிட்டிருந்தார்கள். "அத கிழிச்சுப் போட்டுருடா. ஊரே படிக்கணுமா?"

தசரதனுக்கும் அது வசதிதான். என் கையிலிருந்து தாளைப் பிடுங்கிக் கிழித்தார். கிழியவில்லை. மடித்துக் கிழித்தார். மடிப்புத்தான் விழுந்தது. "குடு இங்க" என்று அண்ணன் வாங்கி முயன்றார். ஊஹூம். பிறகு ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, காலை ஊன்றி, இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள்!

"அது கிழியாதுங்க" என்றாள் பார்கவி, தலையைத் துவட்டிக்கொண்டே. "கடலுக்குன்னு செஞ்சது."

முதலில் சிரித்தது தணிகாசலம்தான். மூச்சு வாங்க அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மோட்டார ஏத்திக்கறேன். நீ அந்த மரத்துக்கு ஒரு வழி பண்ணு."

"ஆங்" என்றார் தசரதன்.

கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. அண்ணன் செய்யாததைச் செய்ததாகத் தம்பி ஊரெல்லாம் சொன்னார். அண்ணனோ தான் செய்ததை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே தாளில் இருந்தால் யார் யாரைப் பார்த்து முறைப்பது?

அந்தத் தாள் இப்போது என் மேஜை டிராயரில். மற்றவர் வீட்டில் இருக்கக் கூடாது என்பதில் இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

சனிக்கிழமை பத்திரிகை அச்சாகி வந்தது. பெரியப்பா பெயர் தனி வரியில், கொட்டை எழுத்தில்.

சாதாரண அட்டையில்தான் அடித்திருக்கிறேன். அண்ணன் தம்பி விவகாரம், வேண்டும்போது கிழிக்கவும் வர வேண்டுமே.